பங்குனி நடவு படுத்துவிட்டால்: மலைத் தோட்டத்தில் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

மாசி முடியும் தறுவாயில் உறைபனி விலகியதும் நீலகிரியில் பொதுத் தோட்டங்களில் வேலை சூடுபிடித்துவிடும். பள்ளிக்கூடத்து ஓரம், குடியிருப்புச் சங்கத்தின் காலி மனை, கோயிலுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் படிமட்டம் என்று எங்கே நாலு சென்ட் கிடைத்தாலும் ஆட்கள் சேர்ந்து கொத்தி, கேரட்டும் பீன்ஸும் கோஸும் போடுகிறார்கள். சித்திரை பிறக்கும்போது ஏதாவது ஒரு பாத்தி முகம் வாடி நிற்கும். அப்போது எங்கே பார்ப்பது, எதைச் செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொடைக்கானல் பக்கத்துக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பல கை சேரும் தோட்டத்தில் செடிக்குப் பெரிய ஆபத்து, ஆளுக்கொரு வைத்தியம். திங்கட்கிழமை வருகிறவர் வாடுகிறதே என்று தண்ணீர் விடுவார். செவ்வாய்க்கிழமை வரும் அக்கா ஒரு பிடி யூரியா தூவுவார். புதன்கிழமை இன்னொருவர் வேப்பெண்ணெய் அடிப்பார். வெள்ளிக்கிழமை செடி செத்திருக்கும், எதனால் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே முதல் வேலையாகக் கொட்டகைச் சுவரில் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். எந்தப் பாத்தி, என்ன பார்த்தோம், என்ன செய்தோம், தேதி, பெயர், இவ்வளவு போதும். ஒரு பாத்திக்கு ஒரு நேரத்தில் ஒரு வைத்தியம். பலன் தெரிய ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும். அதற்கும் முன்னால், சீக்குப் பிடித்த செடி ஒன்றை மண்ணோடு பெயர்த்தெடுத்து வேரைப் பார்த்துவிடுங்கள். கீழே வரும் கோளாறுகளில் பாதி, இலையில் தெரிந்தாலும் வேரில்தான் விளங்கும்.

விதை போட்டு நாளாகியும் முளைக்கவில்லை

விதைத்த இடத்தில் விரலால் கிளறி விதையைத் தேடி எடுங்கள். விதை ஊறிப் பருத்து, நசுக்கினால் உள்ளே வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, குளிர் விலகக் காத்திருக்கிறது. கொழகொழவென்று நாற்றம் அடித்தால் அழுகிவிட்டது. போட்டபடியே காய்ந்து கிடந்தால் ஈரம் எட்டவில்லை. விதையே இல்லை என்றால் எறும்போ எலியோ பறவையோ எடுத்துப் போயிருக்கும்.

பீன்ஸ் அழுகுவதற்கு முக்கால்வாசிக் காரணம் அவசரம். உதகை சுமார் 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குளிர் கூடும் என்று வைத்துக்கொண்டால், இந்த இரண்டு ஊருக்கும் நடுவிலேயே இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம். மண் 15 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது பீன்ஸ் மெத்தனமாக இருக்கும், ஈரமும் சேர்ந்தால் அழுகிவிடும். குன்னூரில் பங்குனி பாதியில் முளைக்கும் விதை உதகைப் பள்ளத்தில் சித்திரை வரை காத்திருக்கும். சமவெளிக் காலண்டரைப் பார்த்து இங்கே விதைக்கக் கூடாது. விதைப் பொட்டலத்தின் பின்னால் அச்சடித்திருக்கும் மாதமும் பெரும்பாலும் சமவெளிக்குச் சொன்னதுதான்.

கேரட் வேறு கதை. குளிரைப் பொறுக்கும், ஆனால் முளைக்கப் பத்து நாளில் இருந்து மூன்று வாரம் வரை எடுத்துக்கொள்ளும். அத்தனை நாளும் மேல்மண் காயக் கூடாது. பங்குனி மதிய வெயில் மலையில் சுள்ளென்று அடித்து மேல்மண்ணை ஏடு கட்ட வைத்துவிடும். விதையை மணலோடு கலந்து, விரல் நகத்தளவு ஆழத்தில் கோடு போட்டுத் தூவி, நனைத்த சாக்கை மேலே விரித்துவிடுங்கள். சாக்கின் மேலேயே பூவாளியால் காலையில் தண்ணீர் தெளிக்கலாம். பத்தாம் நாளில் இருந்து தினமும் சாக்கின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். நூல்போல ஒரு பச்சை வளைவு கண்ணில் பட்டால் அன்றைக்கு மாலையே சாக்கை எடுத்துவிடுங்கள். ஒரு நாள் தவறினாலும் முளை சாக்கு இழைக்குள் நுழைந்துவிடும், எடுக்கும்போது வேரோடு வரும். நோட்டில் பெயர் போட்டு ஒருவருக்கு ஒப்படைக்க வேண்டிய வேலை இது.

நாற்று தரையோடு சாய்ந்து கிடக்கிறது

சாய்ந்த நாற்றைக் கையில் எடுத்து, தண்டு தரையைத் தொடும் இடத்தைப் பாருங்கள்.

அந்த இடம் நூலாகச் சுருங்கி, ஈரமாக, பழுப்பாக இருந்தால் நாற்றழுகல். நெருக்கமாகத் தூவியது, மாலையில் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஈரமாக விட்டது, மூடுபனியில் காற்றோட்டம் இல்லாமல் போனது, இவைதான் காரணம். சாய்ந்ததையும் சுற்றியுள்ள மண்ணையும் ஒரு கையளவு அள்ளி வெளியே போட்டுவிடுங்கள். மிச்சத்தைக் கலைத்து இடைவெளி விடுங்கள். தண்ணீரைக் காலைக்கு மாற்றுங்கள். அடுத்த முறை விதைக்கும்போது விதை கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சாணப் பொடியைக் கலந்து விதையுங்கள். அதோடு தாமிரப் பூஞ்சாண மருந்தைச் சேர்த்துப் போட்டால் அந்தப் பொடி வீண்.

தண்டு கத்தரித்ததுபோல் வெட்டுப்பட்டு, தலை பக்கத்திலேயே பச்சையாகக் கிடந்தால் வெட்டுப்புழு. இரவில் வெட்டும், பகலில் மண்ணுக்குள் பதுங்கும். காலையில் அந்தச் செடியைச் சுற்றி இரண்டு விரல்கடை ஆழம் கிளறினால், சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடக்கும் புழு பெரும்பாலும் அங்கேயே அகப்படும். அதை எடுத்துவிட்டால் பக்கத்துச் செடி பிழைக்கும். புதிதாக நடும் கோஸ் நாற்றுக்குச் செய்தித்தாளை மூன்று விரல் அகலத்தில் மடித்து, பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாகத் தண்டைச் சுற்றி வைத்தால் புழு அண்டாது. பிள்ளைகள் ஆசையாகச் செய்வார்கள். பிளாஸ்டிக் கப்பை வெட்டி வைக்க வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு மாவட்டத்தில் தடை இருக்கிறது, தோட்டத்து மண்ணுக்கும் அது ஆகாது.

இலை ஓட்டையாகி, பக்கத்தில் காய்ந்த பிசின்போல் பளபளக்கும் கோடு தெரிந்தால் நத்தை. ஈரச் சாக்கை இரவில் பாத்தி ஓரத்தில் போட்டு, விடிந்ததும் அடியில் சேர்ந்திருப்பதைப் பொறுக்கிவிடலாம்.

காலையில் இலை வெந்து கறுத்திருக்கிறது

பனி அடித்திருக்கிறது. நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை என்று கணக்கு வைத்தாலும், பங்குனித் தொடக்கத்தில் ஒரு தெளிந்த இரவு போதும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தங்கும். தலைகுந்தா, காந்தல் பக்கம் பனி வெளுத்துக் கிடக்கும்போது அதே ஊரில் மேட்டுச் சரிவில் ஒன்றும் இருக்காது. உங்கள் தோட்டத்துக்குள்ளேயே எந்தப் படிமட்டம் பள்ளம் என்று ஒரு பனிக்காலம் கவனித்து வைத்தால், அங்கே பட்டாணியோ கோஸோ மட்டும் போட்டுத் தப்பிக்கலாம்.

கறுத்த இலையை உடனே வெட்டாதீர்கள், உள் குருத்துக்கு அதுவே மறைப்பு. உருளைக்கிழங்கு அடியில் இருந்து மறுபடி துளிர்க்கும். பீன்ஸ் துளிர்க்காது, திரும்பத்தான் விதைக்க வேண்டும். விடியற்காலையில் இலைமேல் பனி கண்டால், வெயில் படும் முன் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டால் சேதம் குறையும். உதகை அரசு தாவரவியல் பூங்காவில் மலர் நாற்றுகளை மிலார்ச் செடியால் மூடிக் காப்பாற்றுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதே முறை நாற்றங்காலுக்கும் போதும். மாலையில் மூடி, வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும்.

கோஸ் மதியம் வாடுகிறது, மாலையில் நிமிர்கிறது

மிக அதிகமாகத் தப்பாக வைத்தியம் பார்க்கப்படும் அறிகுறி இதுதான். "அண்ணே, கோஸ் வாடுது, தண்ணி விடவா?" என்று யாராவது கேட்டால், பூவாளியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தும் வாடினால் ஒரு செடியைக் களைக்கொத்தால் சுற்றிக் கிளறி முழு வேரோடு எடுங்கள்.

நல்ல கோஸ் வேர் மெல்லிய நார்க் கற்றையாக இருக்கும், உதறினால் மண் உதிரும். இந்தச் சீக்கு வந்த வேர் இஞ்சிக் கிழங்குபோல் விரல் விரலாகத் தடித்துப் புடைத்திருக்கும், நார்வேர் அநேகமாக இருக்காது. நாள்பட்டதென்றால் அழுகி நாறும். கிளப் ரூட் என்று சொல்லும் வேர் வீக்க நோய் இது. புளிப்பு மண்ணும் ஈரமும் குளிரும் இதற்குப் பிடித்தவை, மூன்றும் நீலகிரியில் இருக்கின்றன. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கி, டர்னிப், கடுகு, சைனீஸ் கேபேஜ் எல்லாம் ஒரே குடும்பம், எல்லாவற்றுக்கும் வரும். இதன் வித்து மண்ணில் பத்து வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். மருந்து ஊற்றி இந்த வருஷச் செடியைக் காப்பாற்ற வழி இல்லை.

செய்ய வேண்டியது அடுத்த பாத்தியைக் காப்பாற்றுவது. நோய்ச் செடிகளை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள், மட்குக் குழியில் ஒருபோதும் போடாதீர்கள். அந்தப் பாத்திக்கு ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அதில் வேலை செய்த மண்வெட்டியையும் செருப்பையும் பூட்ஸையும் அங்கேயே கழுவிவிட்டு அடுத்த பாத்திக்குப் போக வேண்டும். தன்னார்வலர்கள் ஒரே காலோடு ஒரே காலையில் பத்துப் பாத்தி சுற்றுவார்கள். இந்த நோய் தோட்டம் முழுக்கப் பரவுவதற்கு அந்தக் கால்மண் போதும். இனாமாக வரும் நாற்றைப் பற்றியும் கறாராக இருங்கள். யார் கொடுத்தாலும் கும்பிட்டு வாங்கி, நடும் முன் இரண்டு நாற்றின் வேரைக் கழுவிப் பார்த்துவிடுங்கள். முடிச்சு தெரிந்தால் மொத்தமும் அடுப்புக்கு.

பாத்தியில் மண்ணின் கார அமிலநிலையை (pH) 7-க்கு மேல் உயர்த்தினால் நோய் அடங்கும். அதற்குச் சுண்ணாம்பு வேண்டும். அதுவரை அங்கே கேரட், பீன்ஸ், பட்டாணி, பூண்டு, பீட்ரூட் போடலாம்.

செடி வளராமல் நிற்கிறது, இலை ஊதா அடிக்கிறது

பங்குனியில் இளஞ்செடி இலை ஊதாவாகி, பிறகு மண் சூடேறியதும் தானாகப் பச்சையானால் அது வெறும் குளிர், விட்டுவிடுங்கள். சித்திரையிலும் ஊதா மாறாமல், செடி கையளவிலேயே நின்றால் மண்ணின் புளிப்பு.

நீலகிரியின் செம்மண்ணில் கனமழை காலங்காலமாகச் சுண்ணாம்புச் சத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. கார அமிலநிலை பல இடங்களில் 4.5-இல் இருந்து 5.5-க்குள் இருக்கும். தேயிலைக்கு அது சொர்க்கம், கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் கஷ்டம். புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சூப்பர் பாஸ்பேட் எவ்வளவு கொட்டினாலும் வேருக்குக் கிடைக்காது. வேலி ஓரத்து ஹைட்ரேஞ்சியா நல்ல நீலமாகப் பூத்தால் மண் புளிப்பு என்று தெரிந்துகொள்ளலாம், சுண்ணாம்பு ஏறிய மண்ணில் அது இளஞ்சிவப்புக்குப் போகும்.

ஆனால் பூவைப் பார்த்துச் சுண்ணாம்பு அளக்கக் கூடாது. பாத்திக்குப் பாத்தி ஒரு சாண் ஆழத்துக்கு ஆங்கில எழுத்து 'வி' வடிவில் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுங்கள். பல இடத்து மண்ணைக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பாகத்தைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை குறையுங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு, வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் மண் பரிசோதனைக்கு எப்படிக் கொடுப்பது என்று கேளுங்கள். முடிவு வரும்வரை பொறுக்க முடியாவிட்டால், டோலமைட் என்னும் சுண்ணாம்புக்கல் பொடி சதுர மீட்டருக்கு 200 கிராம், அதாவது ஹெக்டேருக்கு 2 டன் கணக்கு, பெரும்பாலான புளிப்பு மண்ணுக்குக் கெடுதி செய்யாத அளவு. டோலமைட்டில் மக்னீசியமும் இருப்பதால் வெறும் சுண்ணாம்பைவிட அதுவே மேல். நடவுக்கு மூன்று வாரம் முன்னால் தூவிக் கொத்திவிட வேண்டும். அதோடு சாணி உரத்தையோ யூரியாவையோ ஒரே நாளில் போட்டால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். ஒருவர் டோலமைட் போட்டதை எழுதாமல் விட்டு, மறுவாரம் இன்னொருவர் உரம் போடுவது இங்கேதான் நடக்கும். எழுதுங்கள்.

காலிஃபிளவரின் இலை நடுநரம்பு மட்டும் மிஞ்சிச் சாட்டையாக நீண்டால் மாலிப்டினம் குறைவு, அதுவும் புளிப்பின் விளைவே, சுண்ணாம்பிட்டால் பெரும்பாலும் தீரும். பீட்ரூட்டின் உள்ளே கறுப்பு, காலிஃபிளவர் தண்டுக்குள் பொந்து என்றால் போரான் குறைவு. போராக்ஸ் சதுர மீட்டருக்கு 1 கிராம் போதும், மணலோடு கலந்து தூவுங்கள். கூடினால் விஷம். சுண்ணாம்பை அதிகமாகப் போட்டாலும் போரான் கிடைக்காமல் போகும்.

ஊதா இல்லாமல் வெளிறிய மஞ்சளாக நின்றால் மூடாக்கைப் பாருங்கள். மட்காத கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையோ மரத்தூளோ மண்ணுக்குள் கலந்திருந்தால் அது மட்கத் தழைச்சத்தைத் தின்றுவிடும். மேலே பரப்பலாம், உள்ளே புதைக்கக் கூடாது. கற்பூர மரமும் சீகை (வாட்டில்) மரமும் பக்கத்தில் இருக்கும் பாத்தி எப்போதும் காய்ந்துதான் கிடக்கும். அங்கே வேரை வெட்டி அகழி எடுக்க முடியாவிட்டால் இடத்தை மாற்றுங்கள்.

உருளைக்கிழங்கு திட்டுத் திட்டாக மஞ்சளாகிறது

படுகர் விவசாயிகள் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து காட்டினால் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். நீங்களே பார்க்க, பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மெதுவாக எடுத்து, மண்ணை உதறாமல் தண்ணீரில் அலசுங்கள். நார்வேரில் குண்டூசித் தலையளவு வெள்ளையும் தங்க மஞ்சளுமாக மணிகள் ஒட்டியிருந்தால் முட்டைக்கூடு நூற்புழு. நீலகிரியில் 1961-இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஒவ்வொரு மணிக்குள்ளும் நூற்றுக்கணக்கில் முட்டை, பல வருஷம் மண்ணில் தாங்கும். இதனால்தான் இங்கிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. சமவெளியில் இருக்கும் நண்பருக்கு அன்பளிப்பாகக்கூட அனுப்பாதீர்கள்.

அந்தப் பாத்தியில் மூன்று நாலு வருஷம் உருளைக்கிழங்கும் தக்காளியும் வேண்டாம். மறுபடி போடும்போது குஃப்ரி ஸ்வர்ணா போன்ற எதிர்ப்புள்ள ரகத்தைப் போடுங்கள். முத்தோரையில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கலாம். சந்தையில் சமையலுக்கு வாங்கிய கிழங்கை வெட்டி நடுவது இந்தப் புழுவையும் கருகலையும் கூலி கொடுத்துக் கூப்பிடுவது. போன வருஷம் தப்பித் தானாக முளைத்தவற்றையும் பிடுங்கிவிடுங்கள்.

திட்டாக இல்லாமல் இலை ஓரத்தில் ஈரக் கறை பரவி, காலையில் அடிப்புறம் வெள்ளைப் பூஞ்சாணம் தெரிந்தால் பின்பருவக் கருகல். கோடை மழையும் மூடுபனியும் சேர்ந்தால் சில நாளில் பாத்தி காலி. அன்றே தாக்கிய செடியை அகற்றி, மிச்சத்துக்கு 1 சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த மருந்து) அடியுங்கள்.

விடிந்து பார்த்தால் பாத்தி உழுதுபோட்டிருக்கிறது

மூக்கால் கிளறி வரிசையாக மண் புரண்டிருந்தால் காட்டுப்பன்றி. கிழங்கு மட்டும் தோண்டி, பல்லால் கரண்டிய துண்டு கிடந்தால் முள்ளம்பன்றி. பெரிய குளம்புத் தடமும் மேல் இலை மேய்ந்ததுமாக இருந்தால் காட்டெருமை.

மட்குக் குழியை முதலில் சரிசெய்யுங்கள். பழத்தோல், மிச்சச் சோறு, எண்ணெய்ப் பலகாரம் போட்டால் பன்றியும் கரடியும் வாசனைக்கே வரும். தழையும் சாணமும் போதும். வேலிக்குப் பழைய சேலையும் பச்சை வலையும் கட்டுவது பன்றிக்குக் கொஞ்சம் பலன் தரும். வேலியில் வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுவது குற்றம், அதில் சாகப்போவது யானையாகவும் இருக்கலாம், விடியலில் தண்ணீர் ஊற்ற வரும் உங்கள் ஆளாகவும் இருக்கலாம். காட்டெருமை நின்றால் விரட்டாமல் விலகி நில்லுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். வெளிச்சம் வரும் முன் யாரும் தனியாகத் தோட்டத்துக்கு வரக் கூடாது என்பதை விதியாகவே வைத்துவிடுங்கள்.

மழையில் விதை அடித்துப்போகிறது

பாத்தி சரிவோடு சேர்ந்து ஓடுகிறது. சரிவுக்குக் குறுக்கே மாற்றிப் போட்டு, கீழ்க் கரையில் வெட்டிவேர் நடுங்கள்.

முதல் ஞாயிறு கூட்டம், மூன்றாம் ஞாயிறு யாரும் இல்லை

ஆட்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மலையில் பங்குனியும் சித்திரையும் எப்படிப்பட்ட மாதங்கள் என்று பாருங்கள். மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு, பிள்ளைகளும் ஆசிரியர்களும் வர முடியாது. ஏப்ரல், மே சீசன், காட்டேஜ், டிரைவிங், கடை என்று பாதி ஊருக்கு வருஷ வருமானம் அந்த இரண்டு மாதத்தில். கோடை மழை விழுந்ததும் தேயிலையில் கொழுந்து ஓடும், பறிக்கப் போகும் பெண்களுக்கு ஓய்வு இருக்காது. நடவு உச்சமும் இவர்கள் வேலை உச்சமும் ஒன்றாக வருகிறது.

ஆகவே கனமான வேலையைத் தை, மாசியில் முடித்துவிடுங்கள்: கொத்துவது, டோலமைட், படிமட்டம் சரிசெய்வது. நடவு மாதத்துக்கு இரண்டு மணி நேரத்தில் முடியும் வேலையை மட்டும் வையுங்கள். பொதுவாக எல்லோருக்கும் என்று விடாமல், ஒவ்வொரு பாத்தியையும் இரண்டு குடும்பத்துக்கு எழுதிக் கொடுங்கள், ஒருவர் வராத நாளில் மற்றவர் வருவார். முதல் நாள் வந்தவர் கொத்துக்காகக் காத்து நின்றால் மறுமுறை வரமாட்டார், கருவி குறைவென்றால் ஆளைப் பிரித்து நேரம் கொடுங்கள். வயதானவர்களைக் கொத்தச் சொல்லாதீர்கள், விதை பொறுக்கவும் நாற்றைப் பார்க்கவும் அவர்கள் கண்ணும் அனுபவமும் வேண்டும். கோடையில் நகராட்சித் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறைதான் வரும் என்பதால், தொட்டி நிரப்பும் பொறுப்பைத் தோட்டத்துக்குப் பக்கத்து வீட்டார் ஒருவரிடம் கேட்டு ஒப்படையுங்கள். தேநீரும் சுண்டலும் வேலை முடிந்த பிறகு வைக்காமல் நடுவில் வையுங்கள். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் யார் எந்தப் பாத்தியில் என்ன பார்த்தார்கள் என்ற பேச்சு வரும்.

பாத்தி மொத்தமும் போய்விட்டது

மே பாதிக்குள் தெரிந்துவிட்டால் இன்னும் நேரம் இருக்கிறது. வேர் வீக்கம் இல்லாத பாத்தியென்றால் முள்ளங்கி போடுங்கள், ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் கைக்கு வரும். இருந்தால் குத்துச்செடி பீன்ஸ் போடுங்கள். தென்மேற்குப் பருவமழை பலமாக அடிக்கும் அவலாஞ்சி, கூடலூர் பக்கம் ஜூனுக்கு முன் எதையும் புதிதாகத் தொடங்காமல், பாத்தியைத் தழையால் மூடி மண் கரையாமல் காத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் பெரிய மழை அக்டோபருக்கு மேல்தான், அதனால் ஆவணிக் கடைப்போகத்துக்கு ஆகஸ்ட், செப்டம்பரில் கேரட்டோ உருளைக்கிழங்கோ போடலாம். டோலமைட் போடுவதென்றால் ஜூலைக் கடைசியிலேயே போட்டு, நோட்டில் தேதியை எழுதிவிடுங்கள்.